சருகு அள்ள எது தோது: உறிஞ்சு குழாயா, மோவர் பையா, ரேக்கா?

இலையுதிர் காலத்தில் முற்றத்தைச் சுத்தம் செய்ய நாலு வழி உண்டு. நீளப் பிடியும் பற்களும் உள்ள ரேக்கால் வாரித் தார்ப்பாயில் போட்டு இழுத்துப் போகலாம். சருகைக் காற்றால் ஊதித் தள்ளும் ப்ளோயரில் உறிஞ்சு குழாயும் பையும் மாட்டிக்கொள்ளலாம். புல் வெட்டும் மோவரின் பையிலேயே சருகையும் பிடிக்கலாம். இடம் பெரிதென்றால் டிராக்டர் மோவருக்குப் பின்னால் வேக்யூம் வண்டியைப் பூட்டி இழுக்கலாம். என் ஓட்டு இரண்டாவதற்கு, அதாவது ப்ளோயரோடு சேர்கிற உறிஞ்சு குழாய்க்கு. ஆனால் உள்ளே சுழல்கிற விசிறிச் சக்கரமான இம்பெல்லர் உலோகமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் இம்பெல்லர் என்றால் ரேக்கே மேல்.

சத்தம், எடை போன்றவற்றை நீட்ட வேண்டியதில்லை. ரேக்குக்குச் சத்தமில்லை, செலவில்லை, ஈரச் சருகையும் வாரும், முதுகு வலிக்கும். மற்ற மூன்றுமே இரைச்சல்தான், காதடைப்பான் இல்லாமல் தொடக்கூடாது. உறிஞ்சும்போது பையின் துணி வழியாக நுண்தூசி வெளியே வரும், அதில் பூஞ்சைத் துகளும் இருக்கும். அதனால் முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம்.

உறிஞ்சு குழாயின் பெரிய லாபம், அள்ளுவதும் நொறுக்குவதும் ஒரே வேலையாக முடிவது. முழுச் சருகில் பாதிக்கு மேல் காற்றுதான். நொறுங்கினால் அளவு பல மடங்கு சுருங்கும். கருவியின் பெட்டியில் பத்துக்கு ஒன்று, பதினாறுக்கு ஒன்று என்று போட்டிருப்பார்கள். அது மொறுமொறுவென்று காய்ந்த மெல்லிய இலைக்கான கணக்கு. சாதாரணச் சருகுக்கு அதில் பாதி கிடைத்தால் நல்லது. அதுவே போதும், குப்பைமேட்டுக்கு நடக்கிற நடை வெகுவாகக் குறையும். முழு இலை மக்க ஒன்றிரண்டு ஆண்டு பிடிக்கும். நொறுக்கியது ஈரம் காயாமல் இருந்தால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் இலைமக்கு ஆகிவிடும். செடிகளைச் சுற்றி 5 செ.மீ. கனத்தில் மூடாக்காகவும் பரப்பலாம். தண்டை ஒட்டி மட்டும் குவிக்கக் கூடாது, பட்டை அழுகும். முழு இலையைப் பரப்பினால் நனைந்து தகடாகப் படிந்து தண்ணீரையும் காற்றையும் அடைத்துவிடும். நொறுக்கியதில் அந்தத் தொல்லை இல்லை.

இம்பெல்லர்தான் எல்லாம்

தேர்வை முடிவு செய்வது இந்த ஒரு பாகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஊதும்போது இம்பெல்லர் வெறும் விசிறி. சுத்தமான காற்று மட்டுமே அதைக் கடக்கும். உறிஞ்சு குழாயை மாட்டியதும் கதை மாறுகிறது. குழாய் காற்று நுழைகிற பக்கத்தில் போய்ச் சேரும், பை காற்று வெளியேறுகிற பக்கத்தில் மாட்டப்படும். சருகு, குச்சி, மண், தெரியாமல் வருகிற கல் எல்லாம் இம்பெல்லரை நேரே மோதித்தான் பைக்குப் போக முடியும். விசிறியும் அதுவே, அரைக்கிற கத்தியும் அதுவே. வீட்டுத் தரை வேக்யூமில் குப்பை மோட்டாரின் விசிறியைத் தொடுவதற்கு முன்பே வடிகட்டியில் நின்றுவிடும். இங்கே நடுவில் எதுவும் கிடையாது.

ஒரு நெல்லிக்காய் அளவு கல் உள்ளே போனால் பிளாஸ்டிக் இதழில் ஓர் ஓரம் தெறித்துவிடும். தெறித்தது சிறு துண்டுதான் என்றாலும், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றும் சக்கரத்தில் ஒரு பக்கம் எடை குறைந்துவிட்டது. கைப்பிடியில் அதிர்வு தெரிய ஆரம்பிக்கும். அப்படியே ஓட்டினால் பேரிங் தேயும், பிறகு மோட்டாரே போகும். உலோக இம்பெல்லரில் அதே கல் ஒரு சொட்டையோடு போய்விடும். அலுமினியம், மக்னீசியக் கலவை எதுவாக இருந்தாலும் சரி, இதழ் கனமாக இருக்கிறதா என்று வாங்கும்போதே காற்று நுழையும் வாயைத் திறந்து பாருங்கள். சில கருவிகளில் பிளாஸ்டிக் சக்கரத்தின் முன்னால் உலோகத் துண்டு ஒன்றை வைத்திருப்பார்கள். அது இலையை நொறுக்க உதவும். பின்னாலிருக்கிற பிளாஸ்டிக் இதழைக் கல்லிலிருந்து காப்பாற்றாது.

அடுத்தது ஈரம். நனைந்த சருகு நொறுங்காது, கூழாகும். கூழ் இதழ்களின் இடுக்கில் ஒட்டிக்கொண்டு காய்ந்தால் அட்டை மாதிரி இறுகிவிடும். ஒரு பக்கம் மட்டும் அப்பினால் மறுபடியும் எடை ஏறுமாறாகி அதே அதிர்வு வரும். அதனால் வேலை முடிந்த அன்றே, ஈரம் காய்வதற்குள், சுரண்டிவிட வேண்டும். மின்கருவி என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். பேட்டரி என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியை இழுத்துவிடுங்கள். பிறகு மரக்குச்சியால் இதழ் இதழாகச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். உரசாமல் லேசாகச் சுற்ற வேண்டும். தண்ணீர்க் குழாயை உள்ளே பீய்ச்சுவது மோட்டாருக்கு ஆகாது.

ஊசியிலை, கொடி, நீளமான புல் எல்லாம் வெட்டுப்படாமல் சக்கரத்தின் நடு அச்சில் நூலாகச் சுற்றிக்கொள்ளும். அச்சைத் தனியே பார்த்து, சுற்றியதை அறுத்து எடுக்க வேண்டும். விரல் தடிமன் குச்சிகள் பைக்குப் போகிற வளைவில் குறுக்கே நின்றுகொண்டு, பின்னால் வருகிற சருகையெல்லாம் பிடித்து வைக்கும்.

எங்கே அடைத்தது என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். மோட்டாரின் சத்தம் திடீரென்று கூர்மையாக உயர்ந்தால் குழாயோ வளைவோ பையோ அடைத்திருக்கிறது. தள்ளக் காற்றில்லாததால் சக்கரத்துக்குச் சுமை குறைந்து வேகமாகச் சுற்றுகிறது. சத்தம் தாழ்ந்து திணறினால் இம்பெல்லரிலேயே எதுவோ சிக்கியிருக்கிறது; அந்த நொடியே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும். இரண்டாவது சத்தத்தைக் கேட்டும் தொடர்ந்து ஓட்டுவதுதான் இந்தக் கருவிகளைச் சீக்கிரம் கொல்கிறது.

பையும் பிடிக்கும் முறையும்

பை நிறைந்ததால்தான் இழுவை குறைகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பல நேரம் பை பாதிகூட நிறைந்திருக்காது. துணியின் கண்களில் தூசி அடைத்திருக்கும். காற்று வெளியேற வழியில்லையென்றால் உள்ளே இழுக்கவும் முடியாது. பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி உதறி, வெறும் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டினால் புதுக்கருவி மாதிரி இழுக்கும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துத் துணி இற்றுப்போகும். ஜிப்பின் பற்களில் மண் ஏறி இறுகினால் பிரஷ்ஷால் தேய்த்து மெழுகுவத்தியைத் தடவுங்கள். எண்ணெய் வேண்டாம், அது தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

குழாயைக் குவியலுக்குள் குத்தி இறக்குவது தவறு. சருகைத் தூக்குவது காற்றோட்டம். வாய் முழுவதும் சருகால் மூடிவிட்டால் காற்று எங்கிருந்து வரும்? முதலில் ஊதி, கணுக்கால் உயர நீள வரிசையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு குழாயைச் சாய்த்து, வாயில் பாதி சருகு, பாதி காலி இடம் என்று வரிசையின் ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்துங்கள். முற்றம் முழுக்கச் சிதறிக் கிடப்பதைக் குழாயால் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பது பொழுதைத்தான் தின்னும். இந்தக் கருவி பிடிக்கவில்லை என்பவர்களில் பலர் இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்.

காய்ந்ததா என்று பார்க்க, குவியலின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கசக்குங்கள். நொறுங்கினால் தொடங்கலாம். மடங்கினால் இன்னும் ஒரு நாள் காற்றாட விடுங்கள். மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருக்கும் என்பதால் மேல் இலையை நம்பக் கூடாது.

அணையாத சிகரெட் துண்டும் சாம்பலும் பைக்குள் போனால் தீப்பிடிக்கும். நாய் மலம், அழுகிய பழம், கண்ணாடி, ஆணி எதையும் இழுக்காதீர்கள். சரளைக்கல் பரப்பிய பாதையில் குறைந்த வேகத்தில் ஊதி, சருகை மண்ணுக்கோ புல்லுக்கோ தள்ளிவிட்டு அங்கே உறிஞ்சுங்கள். உலோக இம்பெல்லர் இருக்கிறது என்பதற்காகச் சரளையின் மேல் குழாயை வைக்கக் கூடாது.

வயரா, பேட்டரியா, பெட்ரோலா

பிளக்கிலிருந்து முப்பது மீட்டருக்குள் வேலை முடியும் என்றால் வயர்தான். 3000 வாட் கருவி 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் வயர் குறைந்தது 1.5 சதுர மி.மீ. இருக்கட்டும். சுருள் பெட்டியில் வருகிற வயரைப் பாதி பிரித்துப் பயன்படுத்தாதீர்கள். சுற்றிக் கிடக்கிற பாதி சூடேறி உருகும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச் வழியாக மட்டுமே இணையுங்கள்.

பேட்டரிக்கு ஒரு சின்னக் கணக்கு. 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 180 வாட்-மணி. முழு வேகத்தில் 900 வாட் இழுத்தால் 12 நிமிடம். ஊதும்போது அவ்வப்போது வேகத்தைக் குறைக்கலாம், உறிஞ்சும்போது முழு வேகம் வேண்டும். அதனால் ஊதுகிற நேரத்தை வைத்து உறிஞ்சுகிற நேரத்தை மதிப்பிடாதீர்கள். இரண்டு பேட்டரி இல்லாமல் சிறு முற்றம்கூடக் கஷ்டம். பேட்டரி வகை பல ஆண்டு தாங்குமா என்பதில் வயர் கருவி அளவுக்கு என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

பெட்ரோல் ப்ளோயர் ஏற்கனவே இருந்தால், குழாய், வளைவு, பை மூன்றும் சேர்ந்த கிட் அதே மாடலுக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். எல்லா மாடலுக்கும் இல்லை. முதுகில் மாட்டுகிற வகைக்குப் பெரும்பாலும் கிடையாது. இன்றைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பல 50-க்கு 1 கலவை கேட்பவை, அதாவது லிட்டருக்கு 20 மி.லி. எண்ணெய். பருவம் முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும்.

மோவர் எங்கே ஜெயிக்கிறது

திறந்த புல்தரையில் மோவர் பைக்கு நிகரில்லை. குழாயின் வாய் 10, 12 செ.மீ.தான். தள்ளுகிற மோவரோ ஒரே நடையில் 45 செ.மீ.க்கு மேல் வாரிக்கொண்டு போகும். ப்ளேடின் உயரத்தை மேல் படிக்கு ஏற்றி, கூராக்கி, முனை மேல்நோக்கி அதிகம் வளைந்த ஹை-லிஃப்ட் ப்ளேடு போட்டால் இழுவை இன்னும் கூடும். பச்சைப்புல்லும் சருகும் கலந்து பையில் விழுவதால் மக்குக்குழி சீக்கிரம் சூடேறும். பராமரிப்பும் எளிது: ஒரு ப்ளேடு, அரம் வைத்துத் தீட்டலாம், கல் பட்டால் மாற்றலாம்.

மெல்லிய படலமாக விழுந்திருந்தால் அள்ளவே வேண்டாம். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் புல்தரை ஆய்வுகள் சருகை மோவரால் பொடித்துப் புல்லுக்குள்ளேயே விடுவதைப் பரிந்துரைக்கின்றன. புல் நுனி வெளியே தெரியும் அளவுக்குப் பொடியாக வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பாத்தி, வேலியோரம், படிக்கட்டு, புதரின் அடி, வடிகால் ஓரம் இங்கெல்லாம் மோவர் நுழையாது. காற்று சருகைக் கொண்டுபோய்க் குவிப்பதும் அங்கேதான். உறிஞ்சு குழாய் பக்கம் நான் நிற்பதற்குக் காரணம் இந்த மூலைகள். புல்தரையே பெரும்பகுதி என்றால் மோவர் பையை வாங்குங்கள், மூலைக்கு ரேக் போதும். புதர்களின் அடியில் ஒரு படலத்தை அப்படியே விட்டுவிடுவதும் நல்லது, குளிர்காலத்தைக் கழிக்கும் பூச்சிகளுக்கு அதுதான் இருப்பிடம்.

வேக்யூம் வண்டி அரை ஏக்கருக்கு மேல் மரம் அடர்ந்த இடத்துக்கானது. தனி எஞ்சின், கனமான எஃகு இம்பெல்லர், ஒரு சாண் அகலக் குழாய் என்பதால் குச்சியையும் விழுங்கும். மோவரின் வெளியேற்று வாயோடு சேர்கிற பிளாஸ்டிக் கூடு உங்கள் மோவரின் டெக், அதாவது ப்ளேடை மூடியிருக்கும் கூடு, அதன் அளவுக்குப் பொருந்த வேண்டும்; இடைவெளி விட்டால் இழுவை அங்கேயே கசியும். குழாய் எப்போதும் வளைவில்தான் தேய்ந்து ஓட்டையாகும். நிறுத்திவைக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் பை, குழாய்க் கொக்கி, இம்பெல்லர் மூன்றும் உதிரியாகத் தனியே கிடைக்குமா என்று கேளுங்கள். குழாய் சரியாகப் பூட்டாமல் கருவி ஓடக்கூடாது என்பதற்காக வாயருகே ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கும். குழாயிலிருக்கிற சிறு பிளாஸ்டிக் நாக்கு அதை அழுத்தும். அந்த நாக்கு உடைந்தாலோ இடுக்கில் மண் சேர்ந்தாலோ கருவி உயிரில்லாமல் கிடக்கும். மோட்டார் போய்விட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன், குழாயைக் கழற்றி அந்த இடுக்கைத் துடைத்து, க்ளிக் என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டிப் பாருங்கள்.