கருக்கலைப்பு மாத்திரை கூரியரில் வரும் என்றால் நம்பாதீங்க: 3,800 ரூபாய் போச்சு

என் சித்தி மகள் 3,800 ரூபாய் கட்டி ஏமாந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஆத்திரம் தாங்காமல் எழுதுகிறேன்.

போனில் பார்த்த விளம்பரம். டாக்டர் சீட்டு வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், வீட்டுக்கே வரும். பேசியது ஒரு பெண். "பயப்படாதம்மா, என் தங்கச்சி மாதிரி நெனச்சுச் சொல்றேன்" என்றாளாம். அந்த ஒரு வார்த்தையில் என் தங்கச்சி விழுந்துவிட்டாள். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைக்கூட போனில் பேசியவள் கேட்கவில்லை. பணம் எப்போ போடுவே, அதுதான் கேள்வி.

வந்த கவரைப் பிரித்துப் பார்த்தேன். முறையான கிட்டில் ஐந்து மாத்திரை இருக்கும்: மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒன்று, மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு. முதலாவது கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனைத் தடுக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து எடுக்கும் நான்கும் கருப்பையைச் சுருங்க வைத்து வெளியேற்றும். இதில் அந்த முதல் மாத்திரையே இல்லை! நான்கு மட்டும், கத்தரியால் வெட்டிய துண்டு அட்டையில். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் வெட்டிய பக்கத்தோடு போயிருந்தன. ஓரிடத்தில் ஃபாயில் கிழிந்திருந்தது என்கிறாள். அதற்குள் இருந்தது சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்ததாம். மிசோப்ரோஸ்டால் ஈரம் பட்டாலே வீரியம் குறைந்துவிடும்.

போட்டதற்கு லேசான கறை மட்டும். கேட்டால் முதலில் "உடம்புச் சூடு, ரெண்டு நாள் பாரு." அப்புறம் "இன்னொரு டோஸ், 1,500 போடு." அப்புறம் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள்.

ஸ்கேனில் எட்டு வாரம், இதயத்துடிப்பு இருந்தது. மாத்திரை தோற்றபின் கர்ப்பம் தொடர்ந்தால் சிசுவுக்கு ஊனம் வர வாய்ப்புண்டு. அரசு மருத்துவமனையில் வேக்வம் (உறிஞ்சி எடுக்கும்) முறையில் எடுத்தார்கள், காசில்லாமல். அதற்குப் போய் 3,800 ரூபாய்!

கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருந்திருந்தால்? அதற்கு இந்த மாத்திரை வேலையே செய்யாது. குழாய் வெடித்து உள்ளேயே ரத்தம் கொட்டும். அதற்குத்தான் ஸ்கேன்.

சீட்டில்லாமல் வாங்காதீங்க. இந்தக் கிட் 9 வாரம் வரைதான். 18 வயது நிரம்பியவருக்குப் புருஷன் கையெழுத்து தேவையில்லை, கல்யாணம் ஆகாதவருக்கும் சட்டத்தில் இடமுண்டு. ஒரு மணி நேரத்தில் இரண்டு பேடு முழுசாக நனைந்து, இரண்டு மணி நேரம் அப்படியே போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மாத்திரை வந்த கவரைத் தூக்கிப் போடாதீங்க, அதுதான் ஆதாரம். பணம் போன கையோடு சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிங்க. நாங்கள் தாமதமாகத்தான் அடித்தோம்.