வலது கைக்கென்றே ஒரு ஃபிளமெங்கோ கிட்டார் வகுப்பு: வாங்கலாமா?

ஃபிளமெங்கோ என்பது தென் ஸ்பெயினின் இசை. அங்குள்ள ஹெரெஸ் ஊர்க் கலைஞர் ஒருவர் நடத்தும் ஆன்லைன் வீடியோ வகுப்பு இது. பாதிக்கு மேல் கட்டைவிரல் பாடம்தான். அதே ஊர்க் கிட்டார் கலைஞர் மொராயிட்டோ சிக்கோவைக் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது, ஹெரெஸ்காரர்கள் கட்டைவிரலை வைத்தே புலேரியா என்ற வேகமான ஃபிளமெங்கோ வகையை ஓட்டிவிடுவார்கள்.

கொடுத்த காசுக்கு முதல் பாடமே போதும் என்பேன். கட்டைவிரல் கம்பியைத் தட்டிவிட்டுக் காற்றில் நிற்கக் கூடாது, கீழ்நோக்கி அழுத்தி அடுத்த கம்பியின் மேல் போய் உட்கார வேண்டும், அதுவும் நுனி மூட்டு மடங்காமல் விரலின் அடியிலிருந்து அசைவு வர வேண்டும் என்பதைக் கேமராவைக் கைக்கு மிக அருகில் வைத்து மெதுவாகக் காட்டுகிறார். கட்டைவிரல் அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் ஆள்காட்டி விரல் மேல்நோக்கி இழுக்கிறது, அதனால் கை துள்ளுவதில்லை. இரண்டும் மாறி மாறி வரும்போது கட்டைவிரல் சத்தம் மற்றதை அமுக்கிவிடும். அதற்கு அவர் சொல்லும் வழி, ஆள்காட்டி விரலை ஓங்கி அடிக்காதே, கட்டைவிரலின் பலத்தைக் குறை என்பது. ரொம்பச் சரி.

அல்சாபுவா என்ற கட்டைவிரல் உத்திக்கான பாடம் இன்னும் அருமை. ஒற்றைக் கம்பியில் ஒரு அடி, கம்பிகளை வாரிக்கொண்டு கீழே ஒரு அடி, திரும்ப மேலே ஒரு அடி, மூன்றும் கட்டைவிரலே செய்ய வேண்டும். பலருக்கும் அந்த மேல் அடிதான் பிந்தும். அழுத்தத்தை ஒவ்வொரு அடிக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பழகச் சொல்கிறார், கேட்கச் சாதாரணமாக இருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது. அப்புறம் மோதிர விரலால் மேல்பலகையைத் தட்டும் கோல்பேயை முதல் அடியோடு சேர்க்கிறார். எல்லாப் பயிற்சியும் சொலேயா என்ற ஃபிளமெங்கோ வகையின் 12 எண்ணிக்கைத் தாளத்துக்குள்தான், 3, 6, 8, 10, 12-இல் அழுத்தம். தாளம் இல்லாத விரல் பயிற்சியே கிடையாது, அதற்காகவே இவரைப் பாராட்ட வேண்டும்.

குறைகளும் உண்டு. எந்தக் கம்பியில் எங்கே அழுத்துவது என்று காட்டும் டேப் தாள்களில் எந்த விரல் என்ற குறி பல இடங்களில் இல்லை, விரல் வகுப்பில் அதை விடலாமா? ஒரே சுரத்தை விரல்களால் வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டும் ட்ரெமோலோவை அவசரமாக முடித்துவிட்டார். கிளாசிக்கல் வாசிப்பவர்கள் கட்டைவிரலுக்குப் பின் மூன்று சுரம் வாசிப்பார்கள், ஃபிளமெங்கோவில் நான்கு, அதில் ஆள்காட்டி விரல் இரண்டு முறை வரும். அங்கே தடுமாறுகிறவர்களுக்கு உதவி போதாது.

கிட்டாரில் கோல்பே தாங்கும் பிளாஸ்டிக் தகடு இல்லையென்றால் ஒட்டிவிட்டு ஆரம்பியுங்கள், நகம் பட்டு மரம் கீறிவிடும்.