பிக் லைன்: வாரக்கணக்கில் என் கையோடு இருந்த குழாய்

கால் எலும்பில் தொற்று. ஆறு வாரம் வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும், மாத்திரையில் முடியாது என்றார் மருத்துவர். முதல் ஒன்பது நாள் கை நரம்பில் குத்தி வைக்கிற சாதாரண வென்ஃப்ளான் ஊசிதான். அதற்குள் ஐந்து இடம் மாற்றிவிட்டார்கள்.

மருந்து இறங்க ஆரம்பித்ததும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை திகுதிகுவென்று எரியும். மறுநாள் தொட்டுப் பார்த்தால் தோலுக்கு அடியில் நரம்பு கயிறு மாதிரி கெட்டியாக, மேலே சிவந்து இருக்கும். மருந்து என்றால் அப்படித்தான் போல என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். இரவுப் பணியில் இருந்த ஒரு சிஸ்டர்தான் அதைப் பார்த்தவுடன் ஊசியைக் கழற்றினார். "எரிஞ்சா அப்பவே கூப்பிடுங்க, பொறுத்துக்காதீங்க" என்றார். ஒரு கிராம் மருந்தைக் குறைந்தது 200 மில்லியில் கலக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்கக் கூடாது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று இன்னும் மெதுவாக ஓட விட்டார். எரிச்சல் பாதியாகக் குறைந்தது. பாதிதான்.

காரணம் எளிது. வான்கோமைசின் நல்ல அமிலத்தன்மை உள்ள மருந்து. கையில் இருக்கிற மெல்லிய நரம்பில் அதை நீர்க்கச் செய்யும் அளவுக்கு ரத்தம் ஓடாது. பிக் லைன் என்ற நீளமான மெல்லிய குழாயோ மேல்கையில் நுழைந்து, இதயத்துக்கு மேலே உள்ள பெரிய ரத்தக்குழாயில் போய் முடிகிறது. அங்கே ஓடுகிற ரத்தத்தில் மருந்து விழுந்தவுடனே கலந்துவிடும்.

போடும்போது வலி குறைவு. இடத்தை மரத்துப்போக வைத்து, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே செலுத்தினார்கள். குழாயின் நுனி சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்று மாலை முதல் டோஸ் ஏறியது. எரியவே இல்லை! பை தீர்ந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

சரி, தொல்லைகளையும் சொல்ல வேண்டும். வாரம் ஒரு முறை டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும். எனக்கு அந்த ஒட்டுப்படலம் பயங்கரமாக அரித்தது, வேறு வகை கேட்டு வாங்கினேன். குளிக்கும்போது கையை மூடிக் கட்ட வேண்டும், நீச்சல் கூடவே கூடாது. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடாதீர்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் செலுத்தும்போது 10 மில்லி சிரிஞ்ச் வேண்டும். சின்ன சிரிஞ்சின் அழுத்தம் அதிகம், குழாய் பிளந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் குழாயின் வாயை ஆல்கஹாலால் அழுத்தித் தேய்த்தார்களா என்று நான் கண்கொட்டாமல் பார்ப்பேன், ஏனென்றால் உள்ளே கிருமி போனால் நேராக ரத்தத்தில்தான் போகும். ரத்தம் உறைந்து கை வீங்கும் அபாயமும் உண்டு. அதனால் மூன்று நாள் மருந்துக்கு இதைக் கேட்காதீர்கள்.

ஆனால் வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும் என்று சொன்னால், முதல் நாளே "இது நரம்பை எரிக்கிற மருந்தா? பிக் லைன் போடலாமா?" என்று கேளுங்கள். நான் ஒன்பது நாள் கழித்துக் கேட்டேன். குழாயை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது, மேல்கையில் ஒரு சிறு புள்ளிதான் மிச்சம். மணிக்கட்டில் அந்தக் கயிறு இன்னும் விரலில் தட்டுப்படுகிறது.