லோட்டில் சத்தம், இழுவை இல்லை, "கியர் பொக்ஸ் முடிஞ்சுது": திருகோணமலையில் லொறி வைத்திருப்பவர்கள் கவனம்

கன்டர், எல்ஃப் மாதிரி லொறி வைத்து ஹயர் ஓடுகிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். திருகோணமலை நகரத்துக்குள் இருக்கும் ஒரு கராஜ் என்னிடம் 185,000 ரூபா வாங்கிக்கொண்டு, கியர் பொக்ஸ் பெயரிங் எல்லாம் மாற்றியதாக பில் தந்தது. அந்தக் கியர் பொக்ஸை அவர்கள் பிரிக்கவே இல்லை. பெயரை இங்கே போடவில்லை, எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

என்னுடையது பழைய கன்டர், ஐந்து கியர், டர்போ இல்லாத டீசல் எஞ்சின். தம்பலகாமத்தில் அரிசி ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாலும் வேலை. வெறும் வண்டியாக ஓடினால் ஒரு குறையும் தெரியாது. மூன்று தொன் ஏற்றினால் கந்தளாய் தாண்டும் முன்பே அடியில் ஒரு முனகல் தொடங்கி, வேகம் கூடக்கூட உறுமலாகி, சீற் எல்லாம் அதிரும். மாத்தளைக்கு அங்கால் பலகடுவ ஏற்றத்தில் அக்சிலேட்டரை அடிவரை மிதித்தாலும் வண்டி இழுக்காது, பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடிக்க அடிக்க இரண்டாம் கியரில் ஊர்ந்துதான் ஏற வேண்டும்.

கராஜ் முதலாளி வண்டியை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணி, கிளட்சை ஓரிரு தரம் மிதித்துப் பார்த்துவிட்டு, "அண்ணன், கியர் பொக்ஸ் முடிஞ்சுது, அதுதான் இழுவையும் இல்லை" என்றார். லோட்டோடு ஓடிப் பார்க்கவில்லை. லோட்டில் மட்டும் வரும் குறையை வெறும் வண்டியில் நின்றபடி எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்கு, "நாங்கள் பார்க்காத கன்டரா" என்றுதான் பதில் வந்தது. பெயரிங் எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் எடுக்க வேண்டும் என்று பாதிக் காசை முதலிலேயே வாங்கிக்கொண்டார்.

வண்டி கைக்கு வந்தபோது சத்தமும் அப்படியே, இழுவையும் அப்படியே. புதிதாக மூன்றாம் கியர் மாற்றும்போது கர்ரென்று அரைக்கவும் தொடங்கியிருந்தது. திரும்பிப் போய்ச் சொன்னால், புதுப் பெயரிங், ஓடஓடச் சரியாகும் என்றார்கள். கழற்றிய பழைய பெயரிங்கைக் காட்டுங்கள் என்றேன். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சாம்.

அப்புறம் கிண்ணியாவில் ஒரு வயதான மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் சாவியைத் தொட முதலே கேள்விகளாகக் கேட்டார். "தம்பி, சத்தம் வேற, இழுவை வேற. ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதீங்க" என்றார். அந்த பாஸ் நானா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது தெரிந்த ஆளிடம் யாரும் லேசில் கதை விட முடியாது.

வண்டி நிற்க, எஞ்சின் நியூட்ரலில் ஓட, கிளட்சை மிதித்தால் சத்தம் நின்று, காலை எடுத்தால் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் கியர் பொக்ஸின் முன் பெயரிங். மிதிக்கும்போது மட்டும் சத்தமென்றால் கிளட்ச் ரிலீஸ் பெயரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் என்றால் அந்தக் கியரின் பல்லைச் சந்தேகிக்கலாம். ஆளில்லாத சமதரை ரோட்டில் ஓடும்போது நியூட்ரலுக்குப் போட்டு, எஞ்சின் சத்தம் இறங்கிய பிறகும் சில்லின் வேகத்தோடு உறுமல் தொடர்ந்தால், முதலில் பார்க்க வேண்டியது கியர் பொக்ஸுக்குப் பின்னால்: பின் சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட், அதன் மூட்டான யூ ஜொயின்ட், பின் அச்சில் இருக்கும் டிபரன்ஷல், சில்லுப் பெயரிங். என் வண்டியில் அதுதான் நடந்தது. நீளமான புரப்பெலர் ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பெயரிங்கின் ரப்பர் கிழிந்து தொங்கியது. லோட் ஏறினால் பின் ஸ்பிரிங் அமுங்கி ஷாஃப்டின் கோணம் மாறும், கிழிந்த ரப்பரில் அது ஆடத் தொடங்கும். வெறும் வண்டியில் சத்தம் வராததற்குக் காரணம் அவ்வளவுதான்.

இழுவைக்கும் அதே மாதிரி நிதானமாகப் பார்த்தார். ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் இரைந்து ஏறி, வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சின் இரைச்சலும் வண்டி வேகமும் சேர்ந்து விழுந்தால் எஞ்சினுக்குக் காற்றோ டீசலோ போதவில்லை, அல்லது எங்கோ பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கரும்புகை தள்ளினால் காற்றுப் பக்கம் பார், புகையே இல்லாமல் சோர்ந்தால் டீசல் பக்கம் பார். எனக்குப் புகையே இல்லை. டீசல் பில்டர் சேறாய் அடைத்திருந்தது, டாங்கில் இருந்து வரும் ரப்பர் குழாய் வெடித்துக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. 2022 இல் டீசல் கிடைக்காமல் டாங்கின் அடிமட்டம் வரை ஓட்டிய வண்டிகள், கான்களில் சேர்த்து வைத்து ஊற்றிய வண்டிகள் எத்தனையோ இங்கே இருக்கின்றன, அவற்றின் டாங்கை ஒருமுறை கழுவிப் பாருங்கள்.

பிறகு அவர் கியர் பொக்ஸின் அடியைக் காட்டினார். உடம்பைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணித் தலைகளில் பழைய ஒயில் மண் கல்லாய் இறுகியிருந்தது, ஒன்றிலும் ஸ்பானர் பட்ட தடமே இல்லை. பிரிக்காமல் இறக்கி, திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். பில்லில் இருந்த ஒயில் டிபரன்ஷலுக்கு ஊற்றும் ஜி.எல். 5 வகை. அந்த வழுவழுப்பில் கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளைச் சிங்க்ரோ வளையம் பிடிக்காது, அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் பித்தளையை அரிக்கவும் கூடும். கியர் பொக்ஸுக்குரிய ஜி.எல். 4 ஒயில் மாற்றிய பிறகு அரைப்பு குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. இவ்வளவுக்கும் நானாவிடம் போனது முப்பதாயிரத்துக்குள். இப்போது அதே லோட்டோடு பலகடுவையில் மூன்றாம் கியரில் ஏறுகிறது.

மூன்று பேர் சாப்பிடும் வண்டி இது, லீசிங்கும் கட்ட வேண்டும். அந்தக் காசை நான் விடப்போவதில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், 1977 இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். ஆணித் தலைகளின் படம், பில், கிண்ணியாவில் எழுதி வாங்கிய அறிக்கை எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி கியர் பொக்ஸ் வேலைக்குப் பெரிய பில் கட்டியவர்கள், அடியில் புகுந்து அந்த ஆணிகளைப் பாருங்கள். கை படாமல் இருந்தால் படம் எடுத்துவிட்டு, மண்ணைத் துடைக்காமல் அப்படியே விட்டுவிட்டு முறைப்பாட்டை எழுதுங்கள்.