ஆறு வருடம், ஒரே வில்: பண்ணை நிலத்தில் காட்டாடு வேட்டை

ஆறு வருடமாக ஒரே காம்பவுண்ட் வில்தான் (முனைகளில் கப்பி வைத்த வில்) என்னிடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்கே, கோபார் பக்கத்துச் செம்மறிப் பண்ணைகளில் காடேறிப்போன வெள்ளாடுகளை வேட்டையாட மட்டும்தான் அதை எடுக்கிறேன். வாங்கிய புதிதில் இதை எழுத உட்கார்ந்திருந்தால் அம்பின் வேகத்தைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். இப்போது தூரத்தைப் பற்றித்தான் சொல்லத் தோன்றுகிறது. முதல் வருடம் 45 மீட்டரில் அம்பு விட்டவன், இன்று 25 மீட்டரைத் தாண்டினால் நாணைத் தொடுவதில்லை.

முதலில் வில்லைச் சொல்லிவிடுகிறேன். இழுவிசை 60 பவுண்டு, லெட்-ஆஃப் 80 சதவீதம். அதாவது முழுதாக இழுத்தபின் கை தாங்க வேண்டியது 12 பவுண்டுதான். ஆடு புதருக்குப் பின்னால் முன்சப்பையை மறைத்துக்கொண்டு நிற்கும். அது ஓரடி எடுத்து வைக்கும்வரை இழுத்த கையோடு காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில்தான் லெட்-ஆஃப் எவ்வளவு உதவுகிறது என்று புரியும். அம்பு கார்பன், முனையோடு சேர்த்து 470 கிரெய்ன், சுமார் 30 கிராம். ஆரம்பத்தில் இதைவிட இலேசான அம்பு வைத்திருந்தேன். வேகம் கூடுதலாக இருந்தது, ஆனால் வில்லின் சத்தமும் கூடியது. கனத்த அம்புக்கு மாறியதும் வில் அடங்கிப்போனது, அம்பும் ஆழமாக இறங்கியது.

சத்தம் ஏன் முக்கியம் என்று இரண்டாம் வருடம் ஒரு கிடா எனக்குக் கற்றுக்கொடுத்தது. 45 மீட்டரில் பக்கவாட்டில் நின்றது, தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. குறி சரியாகத்தான் இருந்தது. ஆனால் என் அம்பு நொடிக்குச் சுமார் 80 மீட்டர் போகிறது, ஒலியோ 340 மீட்டர். அம்பு போய்ச்சேர அரை நொடிக்கு மேல் ஆகும். நாணின் சத்தம் அதில் கால் பங்கு நேரத்திலேயே காதுக்குப் போய்விடும். கிடா உடம்பைத் தாழ்த்தித் திரும்பியது. அம்பு நுரையீரலுக்குப் பதில் வயிற்றில் பட்டது. தேடிப்பிடித்து முடிக்க நான்கு மணி நேரம் ஆனது. அந்த நான்கு மணி நேரமும் அது வலியில் இருந்தது, அதற்குக் காரணம் நான். அன்றைக்குத்தான் என் எல்லையைக் குறைத்தேன். 25 மீட்டரிலும் ஆட்டுக்குக் கால் நொடி அவகாசம் இருக்கிறது. ஆனால் நிம்மதியாக மேயும் ஆடு அதற்குள் பெரிதாக நகர்ந்துவிடாது. காதை நிமிர்த்தி என்னையே பார்க்கும் ஆட்டுக்கு 20 மீட்டரில்கூட விடுவதில்லை.

தூரம் குறைந்ததும் வேட்டையே மாறிவிட்டது. வில் பிடிப்பதைவிட நடப்பதுதான் பெரிய வேலை. ஆட்டுக்குக் கண் கூர்மை, காதும் கூர்மை. ஆனால் மோப்பத்தை ஏமாற்ற வழியே இல்லை. காற்று என் முகத்தில் அடித்தால் மட்டுமே நெருங்குகிறேன். குன்றுப் பகுதியில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே எழும்பும். அதனால் காலையில் கீழிருந்து ஏறுவேன்; பத்து மணிக்குமேல் சுற்றிப்போய் உச்சிப் பக்கத்திலிருந்து இறங்குவேன். நடுப்பகலில் மந்தை பாறை நிழலில் படுத்து அசைபோடும். கிடாக்களின் வீச்சம் பல நேரம் ஆடுகளைக் காண்பதற்கு முன்பே நமக்கு வந்துவிடும். அந்த வாடை வந்தால் காற்று சரியான பக்கம்தான் என்று தைரியமாகப் போகலாம். கிடாவையே பார்த்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவோம். ஓரத்தில் நிற்கும் கிழட்டுத் தாயாடுதான் முதலில் செருமும்.

சரிவில் மேலிருந்து கீழே விடும்போது தூரக் கணக்கு மாறும். 30 பாகைச் சரிவில் நேர்கோட்டில் 29 மீட்டர் என்றால், கிடைமட்டத்தில் அது 25தான். நேர்கோட்டுத் தூரத்துக்குக் குறி வைத்தால் அம்பு மேலே போய்விடும். கோணத்தையும் கணக்கிட்டுத் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கருவி வாங்கியபின் இந்தத் தவறு நின்றது. இந்த ஆறு வருடத்தில் வில்லுக்கு அடுத்து நான் வாங்கியதில் உருப்படியான பொருள் அதுதான்.

அம்பு முனைக்கு நிலையான அலகுள்ள பிராட்ஹெட், அதாவது அகன்ற வெட்டுமுனை. விரியும் அலகையும் ஒரு பருவம் பயன்படுத்திப் பார்த்தேன். சப்பை எலும்பில் பட்டபோது ஆழம் போதவில்லை, விட்டுவிட்டேன். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் படவேண்டும். ஆடு லேசாக நம்மை விட்டுத் திரும்பி நிற்பது இன்னும் நல்லது. விட்டபின் அரை மணி நேரம் அசையாமல் உட்காருகிறேன். இளஞ்சிவப்பாக, நுரையோடு ரத்தம் கிடந்தால் நுரையீரல். ஆடு பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையாகத் தழைச்சக்கை ஒட்டியிருந்தால் வயிறு. உடனே துரத்தினால் ஆடு வெகுதூரம் போய்விடும், பொறுமையாகத்தான் தொடர வேண்டும்.

பராமரிப்பில் பெரிய தொல்லை இல்லை. நாணை இரண்டு முறை மாற்றினேன். கோடையில் ஒருமுறை வில்லைக் காருக்குள் பூட்டி வைத்ததில் நாண் நீண்டு, அதில் குறிபார்க்கும் பீப் வளையம் திரும்பிக்கொண்டது. நான்காம் வருடம் அம்புதாங்கியின் கயிறு நழுவியது. அதிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் கயிற்றில் போட்டிருக்கும் பேனாக் குறியைப் பார்க்கிறேன். அம்பை ஒவ்வொரு முறையும் காதருகே வளைத்துப் பார்ப்பேன். கீறல் விட்ட கார்பன் அம்பு நாணில் உடைந்தால் கையைக் கிழித்துவிடும்.

அப்புறம் பண்ணைக்காரர்கள். தனியார் நிலத்தில் காட்டாடு வேட்டைக்கு இந்த மாநிலத்தில் உரிமம் கேட்பதில்லை, நிலத்துக்காரரின் அனுமதி கட்டாயம். 1788இல் பிரிட்டிஷ் குடியேறிகளின் முதல் கப்பல்களோடு வந்து இறங்கிய ஆட்டினம் இன்று வேலியை வளைக்கிறது, செம்மறியின் புல்லையும் தண்ணீரையும் பங்குபோடுகிறது. அதற்காக எல்லோரும் அவற்றைச் சுடத்தான் விரும்புகிறார்கள் என்று நினைத்துப் போனது என் தவறு. வெள்ளாட்டிறைச்சி ஏற்றுமதியில் ஆஸ்திரேலியா உலகில் முதலிடம். அதில் பெரும்பங்கு பண்ணைகளில் பிடித்து விற்கும் இந்தக் காட்டாடுகள்தான். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பட்டி போட்டுப் பிடிக்கத் திட்டமிட்டிருக்கும் வாரத்தில் நான் மந்தையைக் கலைத்தால் பண்ணைக்காரருக்கு நஷ்டம். அதனால் போகுமுன் எந்த வயல், எந்த மந்தை, தாயாடா கிடாவா என்று கேட்டுவிடுகிறேன். காதில் அடையாளத் தோடு மாட்டிய ஆடு பக்கம் போவதே இல்லை.

ஆட்டை அறுக்கும்போது கையுறையும் முகமூடியும் உண்டு. காட்டாடுகள் மனிதருக்கும் தொற்றும் க்யூ காய்ச்சலின் கிருமியைச் சுமக்கும்; சினையாட்டின் பனிக்குட நீரில் அது மிக அதிகம். இங்கே அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. போடுமுன் தோல் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். நான் மூன்றாம் வருடம்தான் போட்டுக்கொண்டேன். முதல் பயணத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

இந்த வில்லை மாற்றும் எண்ணம் இல்லை. குளிர்காலத்துக்குள் மூன்றாம் முறையாகப் புது நாண் கட்ட வேண்டும், கட்டியபின் 20 மீட்டரில் மறுபடி குறி சரிபார்க்க வேண்டும். தெற்குத் தொட்டிப் பக்கம் பதினைந்து கிடாக்கள் சேர்ந்திருப்பதாக நிலத்துக்காரர் சொல்லியிருக்கிறார். மேற்குக் காற்று நிலைத்தால் ஓடைப் பள்ளம் வழியாகக் கிழக்கிலிருந்து ஏறிப்போகலாம்.