கழுத்து மரு: கருக்கறதா, உறைய வெக்கறதா, நூல் கட்டறதா?

ரெண்டாவது பையன் வயித்துல இருந்தப்ப ஒண்ணு ரெண்டா ஆரம்பிச்சது, போன வருசம் கண்ணாடி முன்னாடி நின்னு எண்ணுனா கழுத்தச் சுத்தி 14 மரு (ஸ்கின் டேக்னு சொல்வாங்களே, தோல்ல சின்னதா தொங்கற சதை, அது). பாக்க நல்லால்லன்னு கூட நான் பெருசா கவலப்படல, தாலிக்கொடி அதுல போய் மாட்டும், ஒருநாள் அவசரத்துல நைட்டிய தலைவழியா உருவுனப்ப கொடியும் சேந்து இழுத்து சுருக்குன்னு ரத்தமே வந்துருச்சு. சரி எடுத்துரலாம்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், எப்படி எடுக்கறதுன்னு முடிவு பண்றதுக்குத்தான் மூணு மாசம் ஆச்சு.

அத்தைக்கு சந்தேகமே இல்ல. "குதிரை வால் முடி ஒண்ணு கெடைச்சாப் போதும் கண்ணு, இறுக்கிக் கட்டுனா ஒரு வாரத்துல தானா உதுந்துரும்"னாங்க. ஈரோட்ல குதிரைக்கு எங்க போறது, தையல் நூல்ல ஒண்ணுக்கு மட்டும் கட்டிப் பாத்தேன். ரத்த ஓட்டம் நின்னா மரு காஞ்சு விழணும், அவ்ளோதான் கணக்கு. ஆனா நான் கட்டுனது சரியா இறுகல போல, நாலாம் நாள் அது நாவப்பழ கலர்ல வீங்கி, தலைய திருப்ப முடியாம வலிச்சுது, நூல அறுத்து விட்டுட்டேன். சுண்ணாம்பும் சலவை சோடாவும் கொழச்சு வெக்கச் சொல்றவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம், அது ரெண்டும் சேந்தா உருவாகறது காஸ்டிக் சோடா, அதுக்கு மரு எது நல்ல தோல் எதுன்னு தெரியாது. பார்லர் பத்தி ஒரே வரி: விலை கம்மி, ஆனா எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு வெச்ச அதே ஊசிய பஞ்சுல தொடச்சிட்டு என்கிட்ட வந்தாங்க, எந்திரிச்சு வந்துட்டேன்.

மிச்சம் ரெண்டு. ஆர்எஃப் காட்டரின்னு ரேடியோ அலை சூட்டுல வேலை செய்யற ஒரு மெஷின்ல கருக்கறது, இல்ல லிக்விட் நைட்ரஜன்ல உறைய வெக்கறது. நான் போனது ஆர்எஃப், அதனால அந்தப் பக்கம் சாஞ்சுதான் எழுதுவேன், முதல்லயே சொல்லிடறேன். நைட்ரஜன் நான் பண்ணிக்கல, தங்கச்சி வீட்டுக்காரருக்கு பண்ணப்ப கூட இருந்து பாத்தது மட்டும்தான்.

வலின்னு பாத்தா ரெண்டுமே தாங்கலாம். எனக்கு மரத்துப்போற கிரீம தடவி மேல பிளாஸ்டிக் பேப்பர் ஒட்டி ஒரு மணி நேரம் உக்கார வெச்சாங்க, அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் எறும்பு கடி அளவுதான், ஆனா முடி கருகுற வாடை ஒண்ணு மூக்குலயே நிக்கும் பாருங்க, வீட்டுக்கு வந்தும் போகல. 14-ம் இருபது நிமிசத்துல முடிஞ்சுது, 3,500 ரூபா. அவருக்கு மைனஸ் 196 டிகிரி குளிர்ல இருக்கற நைட்ரஜன புஸ்ஸுன்னு அடிச்சாங்க, கிரீமும் இல்ல காத்திருப்பும் இல்ல, ஆனா மரு அன்னிக்கே போகாது, கொப்புளம் மாதிரி ஆகி பத்து நாள் கழிச்சுதான் விழுது, அதுலயும் ரெண்டு அப்படியே இருந்துச்சுன்னு மறுபடி வரச் சொன்னாங்க.

என்னை முடிவு பண்ண வெச்சது காசோ வலியோ இல்ல, அப்புறம் தோல்ல என்ன கலர் மிஞ்சும்ங்கறது. டாக்டரம்மா இதத்தான் பொறுமையா சொன்னாங்க. நம்ம மாதிரி மாநிறத் தோலுக்கு, நிறம் குடுக்கற செல்லு குளிருக்கு ரொம்ப சீக்கிரம் செத்துரும், அதனால உறைய வெச்ச இடம் வெள்ளையா திட்டுத்திட்டா நின்னுரலாம், அது திரும்ப நிறம் ஏற மாசக்கணக்கு, சிலருக்கு ஏறாமயே போயிரும். கருக்குனா பெரும்பாலும் தலைகீழ், கருப்பா புள்ளி விழும், ஆனா ஆழமா சுடாம விட்டா அது மெல்ல மெல்ல மங்கிரும். கழுத்துல வெள்ளைத் திட்டோட போய் நின்னா என்ன ஏதுன்னு கேக்கற சொந்தக்காரங்களுக்கு நான் பதில் சொல்லி மாளாது. தங்கச்சி வீட்டுக்காரர் கழுத்துல இன்னிக்கும் மூணு வெள்ளைப் பொட்டு இருக்கு, அவரு கண்டுக்கறதில்ல, அது வேற.

ஆனா ஆர்எஃப்-ல வேலை கிளினிக்ல முடியறதில்ல, வீட்லதான் ஆரம்பிக்குது. மிளகு மிளகா பொருக்கு கட்டும், அது ஏழெட்டு நாள்ல தானா விழற வரைக்கும் கை வெக்கக் கூடாது. ரெண்டு வேளை ஆயின்மென்ட், மஞ்சள் பூசக் கூடாது, தாலிக்கொடிய கழட்ட வேண்டியதாப் போச்சு (அத்தை முகம் சுண்டுனது தனிக்கதை, மஞ்சக் கயித்த தளர்வா கட்டி சமாளிச்சோம்). பொருக்கு விழுந்தப்புறம் அடியில இளஞ்சிவப்பா புதுத்தோல் இருக்கும், அதுல வெயில் பட்டா இன்னும் கருத்துரும், அதனால மூணு மாசம் கழுத்துக்கும் சன்ஸ்கிரீன். நான் ஒரு பொருக்க மட்டும் தூக்கத்துல பிச்சு எறிஞ்சிட்டேன், மத்த 13-ம் இருந்த எடமே தெரியல, அந்த ஒண்ணு மட்டும் கடுகளவு கருப்பா இன்னும் உக்காந்திருக்கு. இந்த மெனக்கெடல் முடியாதுன்னா ஆர்எஃப் போகாதீங்க. பேஸ்மேக்கர் வெச்சவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க முன்னாடியே சொல்லிரணும். திடீர்னு கலர் மாறுன, தானா ரத்தம் கசியற மருவ கருக்கவே விடாதீங்க, எரிச்சுட்டா டெஸ்டுக்கு அனுப்ப சதையே மிஞ்சாது.

நான் எதிர்பாக்காதது ஒண்ணு, கழுத்து மடிப்புல கருப்பா இருக்கறதப் பாத்துட்டு சுகர் பாத்திருக்கீங்களான்னு கேட்டாங்க. மூணு மாச சுகர் சராசரி (HbA1c டெஸ்ட்) 6.1 வந்துச்சு. 5.7 தாண்டுனாலே சுகருக்கு முந்தின கட்டமாம், இன்சுலின் சரியா வேலை செய்யாதவங்களுக்கு இந்த மரு நெறய வருமாம். ஒண்ண எடுத்தா ஒம்போதா பெருகும்னு சொல்றது சும்மா, எடுத்த எடத்துலருந்து பரவறதில்ல, ஆனா உடம்பு அப்படியே இருந்தா பக்கத்துல புதுசு வரத்தான் செய்யும். எனக்கு அக்குள்கிட்ட ஒண்ணு வந்தாச்சு.

இடது கண் இமையில ஒண்ணு பாக்கி இருக்கு. அதுல இங்க கை வெக்க மாட்டோம்னு கண் டாக்டருக்கு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க, சீட்டு ஃபிரிட்ஜ் மேல இருக்கு.