பக்காயெம்பு கால்பந்து மியூசியம்: 1950 அறைக்காகவே போகலாம்

பிரேசிலின் சாவோ பாலோவில், பக்காயெம்பு மைதானத்தின் கேலரிக்கு அடியில் இருக்கிறது. பெலே, கரிஞ்சா பகுதியை வேகமாகப் பார்த்துவிட்டு, 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் பிரேசில் உருகுவேயிடம் தோற்றதைக் காட்டும் அறையில் நில்லுங்கள். கறுப்பு வெள்ளைக் காட்சி, கூடவே இதயத் துடிப்புச் சத்தம்.

பிரேசிலுக்கு டிரா செய்தாலே கோப்பை. 47-வது நிமிடத்தில் பிரேசில் முன்னிலை. 66-இல் உருகுவேயின் ஸ்கியாஃபினோ சமன் செய்கிறார். 79-இல் உருகுவேயின் கிஜ்ஜியா ஓடிவரும்போது பிரேசில் கோல்கீப்பர் பார்போசாவைக் கவனியுங்கள். முந்தைய கோலைப் போலவே கிராஸ் (பக்கவாட்டிலிருந்து கோல் முன்னால் அனுப்பும் பந்து) வரும் என்று கம்பத்தை விட்டு நகர்கிறார். அந்த இடைவெளியில் பந்து புகுந்துவிடுகிறது. கோட்டைவிட்டது பிரேசிலின் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரரும்தான், பழி என்னவோ பெரும்பாலும் இவர் தலையில்!

திங்கள் விடுமுறை. செவ்வாய் இலவசம், ஆனால் கூட்டத்தில் அந்தத் துடிப்புச் சத்தம் அமுங்கிவிடும். காசு கொடுத்தாலும் வேறு நாள் பாருங்கள்.